"பாப்பா, டாக்டர் எப்ப வருவாரு?"

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். வயது இருபத்தாறு. கோத்தகிரிப் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்தில் கால்நடை உதவி மருத்துவராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு, முகம் பிளஸ் டூ படிக்கும் பெண்ணைப் போல இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாட்டை ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள் உங்களைத் தாண்டிப் போய் ஐம்பது வயது கால்நடை ஆய்வாளரை 'ஐயா' என்று கும்பிடுகிறார்கள். நீங்கள் எழுதிக் கொடுத்த சீட்டை அவரிடம் காட்டி, "இது சரிங்களா?" என்று கேட்ட பிறகுதான் மருந்து வாங்குகிறார்கள். சேலை கட்டினால், வெள்ளைக் கோட்டு போட்டால், பவர் இல்லாத கண்ணாடி மாட்டிக்கொண்டால் மதிப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நடுவில் ஒரு வரி இருந்தது: "படிச்சு முடிச்சாச்சு, பரீட்சை எழுதி வேலையும் வாங்கியாச்சு, இன்னும் எத்தனை தடவை நிரூபிக்கணும்?" நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நானும் அதே நாற்காலியில் உட்கார்ந்தவள்தான். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தேன். இருபத்தேழு வருடம் இதே துறை, அதில் பத்தொன்பது வருடம் நீலகிரியில்: உதகை, குந்தா, கூடலூர் என்று மாறி மாறி. முதலில் மலையேறியபோது எனக்கு எடை நாற்பத்திரண்டு கிலோ. மருந்தகத்தில் இருந்த சுழல் நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது. நாய், பூனை மட்டும் பார்க்கும் நகரத்துக் கிளினிக் அனுபவம் எனக்கு இல்லை. ஆகவே கீழே எழுதுவதெல்லாம் மலையூர் மாட்டுக் கொட்டகைக்குப் பொருந்தும். மற்ற இடங்களுக்கு நீங்கள்தான் கூட்டிக் கழித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் சந்தேகமில்லாத விஷயம். சட்டப்படி நீங்கள் யாரிடமும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஐந்தரை வருடப் படிப்பு, அதில் ஒரு வருடம் பயிற்சி, அப்புறம் மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு. அந்தப் பதிவு எண் வந்த நாளோடு நிரூபணம் முடிந்தது. இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம், 1984, பிரிவு 30 அதைத் தெளிவாகவே சொல்கிறது. பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் தவிர வேறு யாரும் கால்நடை மருத்துவத் தொழில் செய்யக் கூடாது, மருத்துவச் சான்றிதழில் கையெழுத்துப் போடக் கூடாது, நீதிமன்றத்தில் கால்நடை மருத்துவ நிபுணராகச் சாட்சி சொல்லவும் கூடாது. ஆய்வாளர் போன்ற பட்டய, சான்றிதழ்ப் படிப்புக்காரர்கள் சிறு சிகிச்சைகளைச் செய்யலாம். அதுவும் மாநில அரசு அனுமதித்த அளவுக்கு, பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில். இதை ஊர்க்காரர்களிடம் ஒப்பிக்கச் சொல்லவில்லை. உங்கள் மனதுக்குள் இது ஆடாமல் இருந்தால் போதும்.

ஆனால் நம் துறை வைத்திருக்கும் பெயர்கள் இருக்கிறதே, அவை நமக்கே குழி பறிப்பவை. போர்டில் உங்களுக்குக் 'கால்நடை உதவி மருத்துவர்', அவருக்குக் 'கால்நடை ஆய்வாளர்'. படிக்கிறவர் என்ன நினைப்பார்? உதவிக்கு இருப்பது நீங்கள், உங்களை ஆய்வு செய்ய வந்தவர் அவர்! குந்தாவில் ஒரு பெரியவர் என்னிடம் நேராகவே கேட்டார்: "நீங்க உதவி டாக்டருன்னு எழுதியிருக்கு, பெரிய டாக்டர் எந்தக் கிழமை வருவாரு?" அவர் என்னை அவமதிக்கவில்லை. எழுத்துக் கூட்டிப் படித்து நியாயமான கேள்வியைத்தான் கேட்டார். அன்றைக்கே போர்டுக்குக் கீழே தனியாக ஒரு தகடு மாட்டினேன். மேலே பெரிதாகத் தமிழில் 'டாக்டர்' என்று போட்டு என் பெயர், கீழே படிப்பு, பதிவு எண். அதை என் தலைக்குப் பின்னால் மாட்டாமல், மாட்டைக் கட்டும் கம்பிக்கு எதிரே, நிற்கிறவர் கண்ணில் படும் உயரத்தில் மாட்டினேன். அப்படி வந்த கேள்விகளில் பாதி அதோடு நின்றது.

தகுதிச் சான்று முழு வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு. அது காகிதம். சிறுத்தை அடித்த கன்றுக்கு வனத்துறையிடம் இழப்பீடு கேட்க வேண்டும், காப்பீடு செய்த மாடு செத்துவிட்டது, காதில் மாட்டிய காப்பீட்டு அடையாளத் தோட்டோடு பிரேதப் பரிசோதனைச் சான்று வேண்டும் என்று வரும்போது உங்கள் உயரத்தை யாரும் பார்ப்பதில்லை. கையெழுத்தையும் முத்திரையையும்தான் பார்க்கிறார்கள். ஆய்வாளர் எவ்வளவு நரைத்தவராக இருந்தாலும் அந்தக் கையெழுத்து அவரால் ஆகாது. எட்டு மாதத்தில் இப்படி இரண்டு மூன்று சான்றாவது எழுதியிருப்பீர்கள். அந்த வீட்டுக்காரர்கள் இப்போது உங்களை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கொட்டகையில் நிலைமை வேறு. அங்கே ஒரு வீட்டின் பால் வருமானம் படுத்துக் கிடக்கிறது, வந்து இறங்குவது வீட்டுப் பெரியவரின் பேத்தி வயசுப் பெண். சட்டம் அங்கே யாருக்கும் ஞாபகம் வராது.

சரி, உடை. வெள்ளைக் கோட்டுக்கு வயது அதிகமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், மருத்துவமும் ஆய்வுக்கூட அறிவியல்தான் என்று காட்டிக்கொள்ள, ஆய்வுக்கூடத்துக் கோட்டை மருத்துவர்கள் எடுத்து மாட்டிக்கொண்டார்கள். அதற்கு முன் ஐரோப்பாவில் அவர்கள் போட்டது கறுப்புக் கோட்டு. நோயாளிகளைக் கேட்டு நடத்திய ஆய்வுகளில் பெரும்பாலும் வெள்ளைக் கோட்டுக்கும் ஒழுங்கான உடைக்கும்தான் வாக்கு விழுகிறது, அதுவும் வயதானவர்களிடம் கூடுதலாக. அவசர சிகிச்சையில் அந்த விருப்பம் குறைந்துவிடுகிறது. ஆக, உடை கண்ணை இழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அவையெல்லாம் மனித மருத்துவமனைகளில், பெரும்பாலும் படத்தைக் காட்டி 'யாரை நம்புவீர்கள்' என்று கேட்டு வாங்கிய பதில்கள். இன்னொரு பக்கம், இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் 2007இல் கிருமி பரவும் என்று முழங்கைக்குக் கீழே சட்டைக் கை, கடிகாரம் எதுவும் கூடாது என்று சொன்னார்கள். நீளக் கை வெள்ளைக் கோட்டு அதோடு போனது. வைத்தியம் நிற்கவில்லை.

நம் ஊருக்கு வருவோம். டிசம்பர், ஜனவரியில் வெள்ளைக் கோட்டு போட்டால் அதன் மேல் ஸ்வெட்டர் போட வேண்டும். ஸ்வெட்டருக்கு மேல் கோட்டு போட்டால் பொதி மூட்டை மாதிரி இருப்பீர்கள், நான் இருந்தேன். சேலையைப் பற்றி எனக்கு ஒரே கருத்துதான்: கூட்டத்துக்குக் கட்டுங்கள், கொட்டகைக்கு வேண்டாம். முந்தானையும் துப்பட்டாவும் மாட்டின் காலிலும் கொம்பிலும் சிக்கும், வளையலும் மோதிரமும் உள்ளே கை விடும்போது மாட்டைக் கிழிக்கும். பவர் இல்லாத கண்ணாடியைக் கேட்டுச் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். வெளியே பனி, உள்ளே நாலு மாட்டின் மூச்சுச் சூடு. நுழைந்த நிமிடம் கண்ணாடி முழுக்க ஆவி படியும். ஒன்றும் தெரியாமல் வாசலில் நிற்பீர்கள். அதுவும் போக, அது பவர் இல்லாத கண்ணாடி என்று ஒரு நாள் யாருக்காவது தெரிந்தால் உங்கள் பட்டமும் அந்தக் கண்ணாடி மாதிரிதானோ என்று நினைப்பார்கள்.

நான் கடைசியில் நிலைத்தது கரும்பச்சை நிற மேலங்கி, முட்டிவரை ரப்பர் பூட்ஸ், இறுக்கிக் கட்டிய கொண்டை. பூட்ஸை வாசலிலேயே வாளி கேட்டு, கிருமிநாசினி கலந்து, அவர்கள் பார்க்கத் தேய்த்துக் கழுவிவிட்டு உள்ளே போவேன், வரும்போதும் அப்படியே. கோமாரி ஒரு கொட்டகையிலிருந்து அடுத்ததற்கு நம் காலில் ஏறிப் போகாமல் இருக்கத்தான் அது. அதன் கூடவே இன்னொன்றும் நடந்தது. 'இந்தப் பொண்ணு ஏதோ முறையாத்தான் பண்ணுது' என்ற பேச்சு எனக்கு முதலில் கிடைத்தது அந்த வாளியால்தான். உடை அதிகாரம் காட்டும் வழக்கம் இந்த மலையில் பழையது என்பதையும் மறக்க வேண்டாம். தோட்டத்தில் அரைக்கால் சட்டையும் தொப்பியும் என்றால் துரை, கூடை என்றால் கொழுந்து பறிப்பவர் என்று தலைமுறை தலைமுறையாகத் தூரத்திலிருந்தே ஆளைப் படித்தவர்கள் அவர்கள். உங்களையும் அப்படித்தான் படிக்கிறார்கள். அதில் கோபப்பட்டுப் பயனில்லை. படிக்கத் தோதாக ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள், அது வேலைக்கும் உதவுவதாக இருக்கட்டும்.

இனி என் சொந்த அனுபவம். கேத்திப் பள்ளத்தாக்கில் ஒரு ஹட்டி, அதாவது படகர் ஊர். ஜனவரி மாதம், விடியற்காலை, கேரட் தோட்டமெல்லாம் உப்புத் தூவினது போல உறைபனி. ஜெர்சி கலப்பு மாடு, நாலாவது ஈற்று, முந்தின நாள் மாலைதான் கன்று போட்டிருந்தது. நான் போனபோது கழுத்தை வளைத்துத் தலையை விலாப்பக்கம் சாய்த்துப் படுத்திருந்தது. வெள்ளைத் தலைப்பாகை கட்டிய பெரியவர் என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் வந்த கம்பவுண்டரைப் பார்த்தார், அவருக்கும் பின்னால் பாதையைப் பார்த்தார். "பாப்பா, டாக்டர் எப்ப வருவாரு?" "நான்தாங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து காதைத் தொட்டேன். ஆற்றுக் கல் மாதிரி சில்லென்று இருந்தது. மூக்கு காய்ந்திருந்தது. பால் காய்ச்சல். பெயரில்தான் காய்ச்சல், உண்மையில் உடம்பு குளிர்ந்து போகும். கன்று போட்டதும் பாலுக்குப் போகும் சுண்ணாம்புச் சத்தை இரத்தம் ஈடுகட்ட முடியாமல் வருவது.

கால்சியம் பாட்டிலைச் சூடாக்க ஒரு குண்டானில் வெந்நீர் கேட்டேன். பாட்டில் அதில் கிடந்த நேரத்தில் பெரியவரிடம் சொன்னேன்: "இது மெதுவாத்தான் ஏறணும், அவசரப்பட்டா இதயம் நின்னுடும். நான் நெஞ்சுல குழாய் வெச்சுக் கேட்டுக்கிட்டே இருப்பேன். பாதி போனதும் உடம்பு நடுங்கும், பயப்படாதீங்க. அப்புறம் ஏப்பம் விடும். சாணி போடும். மூக்குல முத்து முத்தா வேர்க்கும். அதுக்கப்புறந்தான் எந்திரிக்கும். இதெல்லாம் நடந்தும் எந்திரிக்கலைன்னா வேற ஏதோ இருக்குன்னு அர்த்தம், அப்ப வேற பார்க்கணும்." அவர் பதில் சொல்லவில்லை, மாட்டின் தலைப்பக்கம் குந்தி உட்கார்ந்துகொண்டார். நடுக்கம் வந்தது. ஏப்பம் வந்தது. சாணி விழுந்ததும் வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். பெரியவர் கையை நீட்டி மூக்கைத் தொட்டு, ஈரமான விரலைத் தன் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். "சொன்ன வரிசையிலேயே வருதே" என்றார், என்னிடம் அல்ல, கம்பவுண்டரிடம். மாடு முன்னங்காலை ஊன்றி எழுந்தபோது அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. எனக்கு உட்கார ஸ்டூல் கொண்டுவரச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாட்டை எழுப்பியதற்காக மட்டும் அந்த ஸ்டூல் வந்ததாக நான் நினைக்கவில்லை. கால்சியம் போட்டு மாட்டை எழுப்பும் ஆளை அவர் முன்பே பார்த்திருப்பார், படிக்காத ஆட்களே செய்துவிட்டுப் போவதுண்டு. அடுத்து என்ன நடக்கும், அது நடக்காவிட்டால் என்ன அர்த்தம் என்று முன்கூட்டி யாரும் அவருக்குச் சொன்னதில்லை. ஐந்து வருடம் படித்தவளுக்கும் ஊசி போடத் தெரிந்தவருக்கும் உள்ள வித்தியாசம் வெளியே தெரிகிற ஒரே இடம் அதுதான் என்பது என் முடிவு. அதனால் வாயைத் திறந்து சொல்லுங்கள். நம்மில் பலர் சின்ன வயசில் தப்பாகிவிடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டு வேலை பார்க்கிறோம். பார்க்கிறவர்களுக்கு அது தெரியாமல் முழிப்பது போலத்தான் இருக்கும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கூடலூர் பக்கம் ஒரு தோட்டத்து லைனில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், மாடு விழுந்து ஒன்றரை நாள் கழித்து என்னைக் கூப்பிட்டார்கள். அதற்குள் எனக்குக் கொஞ்சம் பெயர் வந்திருந்தது, அந்தப் பெயரைக் காப்பாற்றும் ஆசையும் வந்திருந்தது. பாட்டில் ஏற்றிவிட்டு, "கவலையை விடுங்க, சாயங்காலம் எந்திரிச்சிடும்" என்றேன். ஒன்றரை நாள் ஒரே பக்கமாகக் கிடந்த மாட்டுக்குத் தொடைத் தசையும் நரம்பும் நசுங்கியிருக்கும், கால்சியம் சரியானாலும் எழாமல் போகலாம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மாடு செத்தது. அந்த அம்மா என்னிடம் கேட்டது இது: "சாமி, ஆகாதுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா கடன் வாங்கி மருந்து வாங்கியிருக்க மாட்டேனே." அந்த லைனில் திரும்ப என்னை நம்ப ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. மாடு செத்ததை மன்னித்தார்கள். சும்மா தைரியம் சொன்னதை மன்னிக்கவில்லை. பெரிய ஆளாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையில் நான் செய்த தப்புகளில் மோசமானது அதுதான்.

இனி உங்கள் ஆய்வாளர். அவரை எதிரியாக எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் ஒப்புக்கொள்வேன். இருபத்தைந்து வருடமாக எந்த வீட்டு மாடு எப்போது சினை பிடித்தது என்று அவருக்குத் தெரியும், அந்த அறிவு உங்களிடம் இல்லை. சீட்டைக் காட்டி "சரிங்களா?" என்று கேட்கும்போது அவர் என்ன சொல்கிறார் என்பதுதான் முக்கியம். தனியாக, யாரும் இல்லாத நேரத்தில், டீ குடித்துக்கொண்டே சொல்லுங்கள்: "அண்ணா, எங்கிட்ட ஏதாவது தப்பா பட்டா உள்ள கூப்பிட்டுச் சொல்லுங்க, திருத்திக்கிறேன். வெளியில மட்டும் 'டாக்டரம்மா சொன்னபடி செய்யுங்க'ன்னு சொல்லிடுங்க." என் கம்பவுண்டர் இதை ஒரு நொடியில் ஏற்றுக்கொண்டார். பாட்டிலை வெந்நீரில் வைக்கச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். பிறகு ஒருவர் வந்தார், அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. மேற்பார்வை இல்லாமல் தன் கையில் ஆன்டிபயாட்டிக் வைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அங்கே சிரித்துப் பேசி ஆகவில்லை, எழுத்தில் குறிப்பாணை கொடுத்தேன். உங்கள் ஆள் எந்த ரகம் என்பது இங்கிருந்து எனக்குத் தெரிய வழியில்லை. முதல் வழியை இரண்டு மாதம் முயன்று பாருங்கள்.

எவ்வளவு இதில் வயது, எவ்வளவு பெண் என்பது என்று கேட்டிருந்தீர்கள். பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. என்னோடு அதே வருடம் சேர்ந்த ஒரு பையனையும் 'தம்பி' என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனால் அவன் மீசை வைத்து ஆறு மாதத்தில் 'சார்' ஆகிவிட்டான், எனக்கு 'பாப்பா' போய் 'அம்மா' வர மூன்று வருடம் ஆனது. இரண்டே பேரை வைத்துச் சட்டம் சொல்லக் கூடாதுதான். இருந்தாலும் நான் அதை மறக்கவில்லை. பெண் என்பதால் கிடைத்த ஒன்றையும் சொல்ல வேண்டும். இங்கே மாட்டைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். ஆண் டாக்டரிடம் வீட்டுக்காரர் பேசுவார், அவருக்குப் பாதி விவரம் தெரியாது. என்னிடம் பெண்களே வந்து, மாடு எத்தனை நாளாக அசை போடவில்லை, மடியில் எந்தக் காம்பு கல்லாக இருக்கிறது என்று சொன்னார்கள். பேச்சை வீட்டுக்காரரிடம் மட்டும் நிறுத்தாதீர்கள். "பால் கறக்கிறது யாரு?" என்று கேட்டு அவர்களை முன்னால் கூப்பிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நிரூபிக்கும் வேகத்தில் ராத்திரி பதினோரு மணிக்குத் தனியாக வண்டியெடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். நான் போயிருக்கிறேன். தேயிலைக்குள்ளிருந்து காட்டெருமை ரோட்டில் இறங்கி என் ஸ்கூட்டருக்கு இருபதடி முன்னால் நின்றது, நான் எஞ்சினை அணைத்துவிட்டு அரை மணி நேரம் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தேன். கூப்பிடுகிற வீட்டிலிருந்தே ஜீப்போ ஆளோ வரச் சொல்லுங்கள். வருவார்கள்.

அப்புறம், சின்ன விஷயம். வண்டியில் ஒரு பிளாஸ்க் வெந்நீர் வைத்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் இன்னும் விறகடுப்பு, மழைக்காலத்தில் விறகு ஈரம், குண்டானில் தண்ணீர் சுட இருபது நிமிடம் ஆகும். குளிர்ந்த பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இருபது நிமிடம் நிற்பது மாட்டுக்கும் ஆகாது, உங்களுக்கும் ஆகாது.